ஆர்கோனியா மேயர் தேர்தல், 1887: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகளிர் தினம் நெருங்கினால் சுசானா சால்ட்டர் என்ற பெண்ணின் பழைய புகைப்படம் ஒன்று சுற்றத் தொடங்கும். கூடவே இரண்டு வரி: "அமெரிக்காவின் முதல் பெண் மேயர். கேலிக்காக நிறுத்தினார்கள், ஜெயித்துவிட்டார்." இரண்டு வரியும் தப்பில்லை. ஆனால் அதைப் படித்தவர்கள் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள், எல்லாமே நியாயமான சந்தேகங்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

முதலில், இந்த ஆர்கோனியா எங்கே இருக்கிறது? கேள்விப்பட்டதே இல்லையே.

அமெரிக்காவின் நடுவே உள்ள கான்சஸ் மாநிலத்தில், தெற்கு எல்லையை ஒட்டிய சம்னர் கவுன்ட்டியில் இருக்கிறது. விச்சிட்டா நகரத்திலிருந்து தென்மேற்கே காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். 1880களின் தொடக்கத்தில் புல்வெளியில் முளைத்த ஊர். 1885-ல்தான் சட்டப்படி நகரமாகப் பதிவானது. தேர்தல் நடந்த 1887-ல் ஊரின் மொத்த மக்கள்தொகை 500-ஐக்கூடத் தொடவில்லை.

ஐந்நூறு பேர் இல்லாத ஊருக்கு மேயரா? பஞ்சாயத்துத் தலைவர் என்று சொல்லுங்கள்.

அளவைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் கான்சஸ் சட்டத்தில் நகரங்களுக்கு மூன்று வகுப்புகள் உண்டு. இரண்டாயிரம் பேருக்குக் குறைவான ஊர்கள் மூன்றாம் வகுப்பு நகரங்கள். அங்கேயும் மேயர், ஐந்து கவுன்சிலர், ஒரு நகர எழுத்தர் என்று முழு அமைப்பு இருக்கும். உள்ளூருக்கான சட்டங்களை அந்த மன்றமே போட்டுக்கொள்ளும். ஆகவே மேயர் என்பது மரியாதைக்குக் கொடுத்த பட்டம் இல்லை, சட்டப்படியான பதவி.

சம்பளத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு வருடப் பதவிக்குச் சுசானா சால்ட்டர் வாங்கியது ஒரு டாலர்.

யார் இந்தச் சுசானா சால்ட்டர்?

1860 மார்ச் 2-ல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் கின்சி. இங்கிலாந்திலிருந்து வந்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பரம்பரை. 1872-ல் குடும்பம் கான்சஸுக்குக் குடிபெயர்ந்தது. மன்ஹாட்டன் என்ற ஊரில் இருந்த மாநில வேளாண் கல்லூரியில் படித்தார். (நியூயார்க்கின் மன்ஹாட்டன் இல்லை, கான்சஸிலும் ஒன்று இருக்கிறது.) உடல்நலம் கெட்டதால் பட்டம் வாங்கும் முன்பே கல்லூரியை விட வேண்டியதாயிற்று. அங்கே பழக்கமான லூயிஸ் சால்ட்டரை 1880-ல் மணந்தார். இரண்டு வருடம் கழித்து இருவரும் ஆர்கோனியாவுக்கு வந்தார்கள். 1883-ல் பிறந்த அவர்களுடைய இரண்டாவது குழந்தைதான் அந்த ஊரில் பிறந்த முதல் குழந்தை. ஊர் எவ்வளவு இளசு என்பது இதிலேயே தெரியும்.

மேயரானபோது அவருக்கு வயது 27.

அரசியல் தெரியாத ஒரு குடும்பப் பெண் என்று போட்டிருக்கிறார்களே, உண்மையா?

குடும்பப் பெண் என்பது சரி. அரசியல் தெரியாதவர் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு எரிச்சல் தரும் பகுதி. ஆர்கோனியாவின் முதல் மேயர் யார் தெரியுமா? ஒலிவர் கின்சி, அவருடைய அப்பா. கணவர் லூயிஸ் சட்டம் படித்தவர், அதே ஊரின் நகர எழுத்தர். ஊரின் சட்டங்களை எழுத்தில் வடித்தவரே அவர்தான். மாமனார் மெல்வில் சால்ட்டர், கான்சஸின் துணை ஆளுநராக இருந்தவர். மன்றம் எப்படிக் கூடும், தீர்மானம் எப்படி வரும் என்பதெல்லாம் அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு.

அதோடு பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் அவர் ஒரு பொறுப்பாளர். கூட்டம் நடத்திப் பழகியவர். "ஒன்றும் அறியாதவர் தற்செயலாக ஜெயித்தார்" என்று சொன்னால் கதை சுவைக்கும், அவ்வளவுதான்.

1887-ல் அமெரிக்காவில் பெண்களுக்கு ஓட்டே கிடையாதே. பிறகு எப்படி?

நாடு முழுவதற்குமான அரசியல் சட்டத் திருத்தம் 1920-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் யாருக்கு ஓட்டு என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக முடிவு செய்தது. வயோமிங் பிரதேசம் 1869-லேயே பெண்களுக்கு முழு வாக்குரிமை கொடுத்தது. கான்சஸ் படிப்படியாகப் போனது. 1861-ல் மாநிலம் உருவானபோதே பள்ளித் தேர்தல்களில் பெண்கள் வாக்களிக்கலாம் என்று வைத்தார்கள். 1867-ல் முழு வாக்குரிமை கேட்டுப் பொதுவாக்கெடுப்பு நடந்தது, தோற்றது. இருபது ஆண்டுகள் கழித்து, 1887 பிப்ரவரியில், நகராட்சித் தேர்தல்களில் மட்டும் பெண்கள் வாக்களிக்கலாம் என்று சட்டம் வந்தது. முழு உரிமைக்கு 1912 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தப் பிப்ரவரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்கோனியாவில் தேர்தல் ஏப்ரல் 4-ல். சட்டம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதில்தான் விடை இருக்கிறது.

மதுவிலக்குச் சங்கத்துக்கும் நகரத் தேர்தலுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. கான்சஸ் 1880-ல் வாக்கெடுப்பு நடத்தி மதுவிலக்கைத் தன் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்த மாநிலம், அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் மாநிலம். ஆனால் தாளில் இருக்கும் சட்டத்தைத் தெருவில் அமல்படுத்துவது உள்ளூர் நிர்வாகத்தின் கையில். மேயரும் கவுன்சிலர்களும் கண்டுகொள்ளாமல் விட்டால் சாராயம் பின்வாசல் வழியாக ஓடும். அதனால் யார் மேயர் என்பது மதுவிலக்குக்காரர்களுக்கும் முக்கியம், குடிப்பவர்களுக்கும் முக்கியம்.

1874-ல் தொடங்கிய இந்தச் சங்கம்தான் அன்றைய அமெரிக்காவில் பெண்களின் மிகப் பெரிய அமைப்புகளில் ஒன்று. பிரான்சிஸ் வில்லர்டு தலைமைக்கு வந்த பிறகு வாக்குரிமைக் கோரிக்கையையும் கையில் எடுத்தது. கணவன் குடித்து அழிப்பதைத் தடுக்க வேண்டுமானால் மனைவி கையில் ஓட்டு வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

சரி, அந்தக் கேலி என்ன? முழுதாகச் சொல்லுங்கள்.

புதிதாக ஓட்டு கிடைத்ததும் ஆர்கோனியாவின் சங்கப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. தேர்தலுக்கு முன் ஒரு கூட்டம் போட்டு, யாரை ஆதரிப்பது என்று ஒரு பட்டியல் தயாரித்தார்கள். மதுவிலக்கை உண்மையாக அமல்படுத்துவார்கள் என்று அவர்கள் நம்பிய ஆட்கள். கவனியுங்கள், பட்டியலில் இருந்த எல்லோரும் ஆண்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் சுசானா.

ஊரில் சிலருக்கு இது பொறுக்கவில்லை. ஓட்டுக் கொடுத்ததே அதிகம், இதில் வேட்பாளர்களையும் இவர்களே பொறுக்குவதா என்ற கோபம். சுமார் இருபது ஆண்கள் ஓர் உணவகத்தின் பின்னறையில் ரகசியமாகக் கூடினார்கள். சங்கத்தின் பட்டியலை அப்படியே நகலெடுத்தார்கள். மேயர் இடத்தில் மட்டும் சங்கம் சொன்ன ஆணின் பெயரை எடுத்துவிட்டு "சுசானா சால்ட்டர்" என்று போட்டார்கள். மற்றப் பொறுப்பாளர்கள் நகர எல்லைக்கு வெளியே குடியிருந்ததால் போட்டியிடத் தகுதி உள்ள பொறுப்பாளர் அவர் ஒருவர்தான்.

கணக்கு எளிது. ஒரு பெண்ணுக்கு யார் ஓட்டுப் போடப்போகிறார்கள்? தாங்கள் போடும் இருபது ஓட்டு மட்டுமே விழும். ஊரே சிரிக்கும். இனி இந்தப் பெண்கள் அரசியல் பக்கம் தலைவைக்க மாட்டார்கள்.

வேட்புமனுவில் கையெழுத்துப் போடாமல் எப்படி வேட்பாளர் ஆக முடியும்? அவருக்கே தெரியாதாமே?

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். காரணம், நாம் இன்றைய வாக்குச்சீட்டை நினைத்துக்கொண்டு படிக்கிறோம். அன்று அரசு அச்சடித்துத் தரும் பொதுச் சீட்டு கிடையாது. கட்சியோ, குழுவோ, நாலு பேர் சேர்ந்தோ தங்கள் ஆட்களின் பெயர்களைத் தாங்களே ஒரு சீட்டில் அச்சடித்து வாக்குச்சாவடி வாசலில் கொடுப்பார்கள். வாக்காளர் தனக்குப் பிடித்த சீட்டை வாங்கிப் பெட்டியில் போடுவார். பிடிக்காத பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதலாம். மனுத்தாக்கல், பரிசீலனை, வாபஸ் எதுவும் இல்லை. வேட்பாளர் யார் யார் என்று முன்கூட்டி அறிவிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

அரசே எல்லாப் பெயர்களையும் ஒரே சீட்டில் அச்சடித்து, மறைவாக வாக்களிக்கச் செய்யும் ஆஸ்திரேலிய முறை அமெரிக்க மாநிலங்களுக்கு 1888-லிருந்துதான் ஒவ்வொன்றாக வந்தது. ஆகவே தேர்தல் நாள் காலையில் சாவடிக்கு வந்தவர்கள் சீட்டைப் பார்த்த பிறகுதான் செய்தியே ஊருக்குத் தெரிந்தது. சுசானாவுக்கும் அப்படியே.

வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது வந்து கேட்டார்கள் என்பது நிஜமா, சினிமாவுக்கு எழுதியதா?

அப்படித்தான் சொல்லப்பட்டு வருகிறது. காலையில் சீட்டைப் பார்த்த உள்ளூர் குடியரசுக் கட்சிக்காரர்கள் ஒரு குழுவை அவர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, "ஜெயித்தால் பதவி ஏற்பீர்களா?" என்று கேட்டார்கள். அவர் சரி என்றார். அப்படியானால் உங்களை ஜெயிக்கவைத்து, இதைச் செய்தவர்களுக்குப் பாடம் கற்பிக்கிறோம் என்று கிளம்பிப் போனார்கள்.

எல்லோரும் சோப்பு நுரையைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியும் பதிலும்தான் பெரிதாகப் படுகின்றன. "ஐயோ, இது யாரோ செய்த விளையாட்டு, விட்டுவிடுங்கள்" என்று அவர் சொல்லியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் சொல்லவில்லை. பிற்பகலில் பெற்றோருடன் சாவடிக்குப் போய்த் தன் ஓட்டையும் போட்டுவிட்டு வந்தார்.

இருபது பேர் கேலிக்காகப் போட்ட ஓட்டில் ஒருவர் எப்படி ஜெயிக்க முடியும்? கணக்கு இடிக்கிறதே?

இடிக்கும்தான். அந்த ஓட்டுகளை மட்டும் வைத்து அவர் ஜெயிக்கவில்லை. அவர் ஒப்புக்கொண்டார் என்று தெரிந்ததும் மதுவிலக்குச் சங்கப் பெண்கள் தாங்கள் அறிவித்திருந்த மேயர் வேட்பாளரைக் கைவிட்டுச் சுசானாவுக்கு வாக்களித்தார்கள். குடியரசுக் கட்சிக்காரர்களின் ஓட்டும் சேர்ந்தது. மாலையில் எண்ணியபோது பதிவான வாக்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அவருக்கு.

கைப்பேசி கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. சில மணி நேரத்துக்குள் ஓர் அமைப்பு தன் முடிவை மாற்றிக்கொண்டு, அதை உறுப்பினர்கள் எல்லோருக்கும் எட்டவைத்து, வாக்காகவும் மாற்றியிருக்கிறது. சின்ன ஊர் என்பதால் முடிந்தது, சரி. ஆனால் ஏற்கனவே ஒன்றுகூடிப் பழகியிருந்ததாலும் முடிந்தது. அந்த இருபது பேரின் கணக்கில் வராமல் போனது இதுதான்.

கணவர் என்ன சொன்னார்?

காலையிலேயே சாவடிக்குப் போன லூயிஸ் சீட்டில் மனைவியின் பெயரைப் பார்த்து அதிர்ந்துபோனார், சங்கடப்பட்டார். அப்புறம் பழகிவிட்டது. "நான் மேயரின் கணவன்" என்று சொல்லி விளையாடும் அளவுக்குப் பழகிவிட்டது.

பதவிக்கு வந்து என்ன சாதித்தார்? அதைப் பற்றி யாரும் பேசுவதில்லையே.

பேசும்படி பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்பதே காரணம். ஒரு சின்ன ஊரின் ஒரு வருட நிர்வாகம். முதல் கூட்டத்தில் கவுன்சிலர்களிடம், நீங்கள் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள், நான் கூட்டத்தை நடத்துகிறவள் மட்டுமே என்ற பொருளில் பேசித் தொடங்கினாராம். ஐந்து பேருமே ஆண்கள். அவர்களின் இறுக்கத்தைத் தளர்த்துவதற்கு அதைவிடச் சாமர்த்தியமான தொடக்கம் கிடையாது. மன்றம் ஒழுங்காகக் கூடியது, ஒழுங்காகக் கலைந்தது.

இதை ஏமாற்றமாக நினைக்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பெண் மேயரானால் ஊர் குட்டிச்சுவராகிவிடும் என்று எதிர்பார்த்து நாளிதழ்கள் கவனித்துக்கொண்டிருந்தன. நியூயார்க்கிலிருந்து ஒரு செய்தியாளர் வந்து மன்றக் கூட்டத்தில் உட்கார்ந்து எழுதினார். எழுத அவருக்குக் கிடைத்தது ஒரு சாதாரணக் கூட்டம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பதவிக் காலத்திலேயே அவருக்கு ஒரு குழந்தை பிறந்து, பிஞ்சிலேயே இறந்தது. மொத்தம் ஒன்பது குழந்தைகள் பெற்றவர். மேயர் வேலையும் இந்தத் துக்கமும் ஒரே வருடத்தில்.

சூசன் ஆன்டனி அவரைச் சந்தித்தாரா?

சந்தித்தார். 1887 அக்டோபரில் கான்சஸின் நியூட்டன் நகரத்தில் கான்சஸ் வாக்குரிமைச் சங்கத்தின் மாநாடு நடந்தது. பேச வந்திருந்த சூசன் ஆன்டனியிடம் சுசானாவை அறிமுகப்படுத்தியபோது, அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "நீங்களும் மற்றப் பெண்களைப் போலத்தானே இருக்கிறீர்கள்!" என்று வியந்தாராம். அரை வாழ்நாளைப் பெண்களின் ஓட்டுக்காகச் செலவழித்தவர் அவர். அவருக்கே ஒரு பெண் மேயர் எப்படி இருப்பார் என்று பார்க்கும் ஆவல்!

அப்படியென்றால் ஏன் மறுபடி நிற்கவில்லை? பயமுறுத்தினார்களா?

ஒரு வருடம் முடிந்ததும் தானே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பழித்தும் கிண்டல் செய்தும் எழுதியவர்கள் இருந்தார்கள், வாழ்த்தியவர்களும் நிறைய. ஆனால் அவர் பதவியைத் தேடிப் போனவர் இல்லை, அதற்குப் பிறகும் தேடவில்லை.

1893-ல் ஓக்லஹோமாவின் செரோகி நிலப்பகுதி குடியேற்றத்துக்குத் திறந்துவிடப்பட்டபோது லூயிஸ் அங்கே நிலம் எடுத்தார், குடும்பம் ஆல்வா அருகே குடியேறியது. 1916-ல் கணவர் இறந்த பிறகு, இளைய பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் படிப்பதற்காக நார்மன் நகரத்துக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். 1961 மார்ச் 17-ல், 101-ஆவது பிறந்தநாள் முடிந்து பதினைந்து நாளில் இறந்தார். அடக்கம் ஆர்கோனியாவில். அங்கே 1933-லேயே அவர் பெயரில் நினைவுப் பலகை வைத்துவிட்டார்கள். அவர் வாழ்ந்த வீடு 1971-ல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்ந்தது.

ஆஸ்கலூசா என்ற ஊரில் அதற்கு முன்பே பெண் மேயர் இருந்ததாகப் படித்தேன். எது சரி?

இரண்டு ஆஸ்கலூசாக்கள் இருக்கின்றன, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அயோவா மாநிலத்து ஆஸ்கலூசாவில் 1862-ல் நான்சி ஸ்மித் என்ற பெண் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் பதவி ஏற்க மறுத்துவிட்டார். கான்சஸ் மாநிலத்து ஆஸ்கலூசா கதை 1888-ல் நடந்தது, சுசானாவுக்கு ஒரு வருடம் பின்னால்.

எனவே "முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்" என்று எழுதினால் நான்சி ஸ்மித்தின் பெயர் குறுக்கே வரும். "தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவி வகித்த முதல் பெண் மேயர்" என்று எழுதினால் சுசானாதான். பெரிய நகரம் என்று பார்த்தால் இருவருமே இல்லை. 1926-ல் சியாட்டிலில் வென்ற பெர்த்தா லாண்டஸ் வரைக்கும் போக வேண்டும்.

எப்படிப் பார்த்தாலும் அந்தக் கேலி மட்டும் இல்லையென்றால் ஒரு பெண் மேயராகியிருக்க முடியாது, இல்லையா?

ஆர்கோனியாவில், அந்த ஏப்ரலில், ஆகியிருக்க மாட்டார். சங்கத்தின் பட்டியலில் ஆண்கள் மட்டும்தான் இருந்தார்கள் என்று மேலே சொன்னேன். தங்களில் ஒருவரை நிறுத்தலாம் என்ற எண்ணம் அந்தப் பெண்களுக்கே வரவில்லை, அல்லது வந்தும் துணியவில்லை. அந்த வகையில் இருபது பேருக்கும் ஒரு நன்றி சொல்லலாம்.

ஆனால் கான்சஸ் முழுக்கப் பார்த்தால் கேலி தேவைப்படவில்லை, பிப்ரவரிச் சட்டம் போதுமானதாக இருந்தது. அதே 1887-ல் சிராக்யூஸ் என்ற கான்சஸ் ஊரில் ஐந்து கவுன்சிலர் இடங்களுக்கும் பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். மறு வருடம் மேலே சொன்ன கான்சஸ் ஆஸ்கலூசாவில் மேரி லோமன் மேயர், கவுன்சிலர்கள் ஐந்து பேரும் பெண்கள். அவர்கள் பெயரை யாரும் விளையாட்டுக்குச் சீட்டில் அச்சடிக்கவில்லை. ஆண்கள் மன்றத்தின் நிர்வாகம் பிடிக்காமல் ஊர் அவர்களைத் தேர்ந்தெடுத்தது. நடைபாதைகளைச் சரிசெய்தார்கள், தெருக்களைச் சுத்தமாக்கினார்கள். 1889-ல் லோமன் மறுபடி நின்று மறுபடி ஜெயித்தார்.